மாவுக்கட்டு ஸ்பெஷல்: மாமா பதில்கள்

கல்லூரி மாணவி, திருச்சி: மாமா, ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில் மணிக்கட்டில் 'லேசான கிராக்'தானாம். கட்டு அவசியமா?

விரிசல் என்பவள் முறிவின் தங்கச்சி. கட்டுப் போட்டால் ஆறு வாரத்தில் சத்தமில்லாமல் கிளம்பிவிடுவாள். கட்டைக் கழற்றிவிட்டு ரீல்ஸ் ஆடினால், அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவாள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்: முறிந்த எலும்பைக் கூட்டிவைப்பது டாக்டரா, ஆண்டவனா?

ரத்தம், சார். முறிந்த இடத்தில் ரத்தம் கட்டும். அதில் செல்கள் குடியேறி மெத்தென்ற ஒரு முடிச்சைப் போடும். அந்த முடிச்சில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகும். அதன்பிறகு மாதக்கணக்காக, சில சமயம் வருடக்கணக்காக, வேண்டாத இடத்தில் கரைத்தும் வேண்டிய இடத்தில் சேர்த்தும் பழைய உருவத்துக்குக் கொண்டுவரும்.

தோல் தழும்போடு ஆறும். எலும்பு எலும்பாகவே ஆறும். நேராகப் பிடித்துவைப்பதும் ரத்த ஓட்டத்தைக் கெடுக்காமல் இருப்பதும்தான் டாக்டரின் வேலை. கேட்க இரண்டு வேலை. ஒழுங்காகச் செய்யக் கற்க ஒரு ஆயுள்.

மெக்கானிக், ஈரோடு: அப்படியென்றால் ராடு, பிளேட், ஸ்க்ரூ எல்லாம் எதற்கு? மாவுக்கட்டே போதுமே?

மணிக்கட்டுக்கும் குழந்தைகளின் முன்கைக்கும் பெரும்பாலும் போதும். தொடை எலும்பு வேறு ஜாதி. அதைச் சுற்றியுள்ள தசைகள் முறிந்த இரண்டு முனைகளையும் இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிடும். மாவுக்கட்டு அந்த இழுப்பைத் தாங்காது.

எடை கட்டி இழுத்துப் படுக்கவைத்தால் மாதக்கணக்கில் படுக்கை. முதுகில் புண், நெஞ்சில் சளி, காலில் ரத்தக்கட்டி. ராடு போட்டவரை மறுநாளே உட்காரவைக்கிறார்கள். தொடைக்குள் போகும் அந்த ராடு பாதி நுரையீரலுக்காகத்தான் போகிறது.

வங்கி ஊழியர், நாகர்கோவில்: எலும்புக்குள் ராடு விடும் யோசனை யாருக்கு உதித்தது?

கெர்ஹார்ட் குன்ட்ஷர், ஜெர்மனியின் கீல் நகரம், 1939. தொடை எலும்பின் நடுவே மஜ்ஜை ஓடும் பாதை இருக்கிறதல்லவா? இடுப்புப் பக்கத்தில் சின்னதாகத் திறந்து, அந்தப் பாதை வழியாக நீளமான எஃகு ஆணியை இறக்கினார். முறிந்த இடத்தைத் திறக்கவே இல்லை. அங்கே கட்டியிருந்த ரத்தம் கலையாமல் தன் வேலையைத் தொடர்ந்தது.

1940இல் பெர்லின் மாநாட்டில் இதைச் சொன்னபோது சக டாக்டர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. மஜ்ஜையைக் கெடுத்தால் எலும்பு எப்படிக் கூடும் என்பது அவர்கள் வாதம். போர் முடியும் தறுவாயில், ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த அமெரிக்கப் படையினர் ஊர் திரும்பினார்கள். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் தொடைக்குள் ஒரு முழ நீளத்துக்கு உலோகம்! ஆனாலும் ஆள் நடக்கிறார். 1945இல் டைம் பத்திரிகை செய்தி போட்டது. எதிரி நாட்டுக் கண்டுபிடிப்பு, நோயாளியின் தொடைக்குள் ஒளிந்து எல்லை தாண்டியது. சுங்கத்துறை இன்னும் வரி கேட்கவில்லை.

தச்சர், நாச்சியார்கோயில்: சுத்தியல், உளி, ரம்பம், ட்ரில். எலும்பு டாக்டரும் எங்க ஆளுதானே?

உங்க ஆளேதான். பெல்ஜியத்தில் அல்பின் லம்பாட் என்று ஒருவர். பிளேட்டும் ஸ்க்ரூவும் தானே வடிவமைத்து, முறிந்த எலும்பைப் பூட்டும் முறைக்கு 'ஆஸ்டியோசிந்தசிஸ்' என்று பெயரும் வைத்தவர். ஓய்வு நேரத்தில் தன் கையாலேயே வயலின் செய்தவர்.

ஒரே வித்தியாசம், உங்கள் மரத்தில் ரத்தம் ஓடாது. அந்த வித்தியாசத்தைப் படிக்கத்தான் பத்து வருஷம்.

நர்சிங் மாணவி, வேலூர்: ட்ரில் போடும்போது ஏன் சலைன் ஊற்றச் சொல்கிறார்கள்?

நல்ல கேள்வி கேட்டாய். ட்ரில் சுழலும்போது சூடு பிறக்கும். 47 டிகிரியில் ஒரு நிமிடம் நின்றால் எலும்புச் செல்கள் செத்துப்போகும். செத்த எலும்பில் ஸ்க்ரூ பிடிக்காது.

அடுத்த முறை தியேட்டரில் உற்றுப் பார். 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 2.5 மில்லிமீட்டரில் துளை போடுவார்கள். ட்ரில் எதிர்ப்பக்கச் சுவரைத் தாண்டும் கணத்தில் சத்தம் மாறும். அந்த நொடியே கை நிற்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தள்ளி ரத்தக்குழாய் காத்திருக்கலாம். பிறகு கொக்கி வைத்த அளவுகோலால் ஆழம் பார்த்து, அந்த நீளத்துக்கு ஸ்க்ரூவைக் கேட்பார்கள். நீ எடுத்துக் கொடுப்பது இரண்டு மில்லிமீட்டர் குறைந்தாலும் முறைப்பார்கள். கோபித்துக்கொள்ளாதே, முறைப்பது நியாயம்.

சுற்றுலா வழிகாட்டி, ஊட்டி: சுவிட்சர்லாந்துக்கும் எலும்புக்கும் என்ன உறவு?

பனிச்சறுக்கு. மலையெல்லாம் சறுக்குகிறவர்கள், ஆஸ்பத்திரியெல்லாம் சறுக்கியவர்கள். 1958 நவம்பர் 6 அன்று பீல் என்ற ஊரில் 13 அறுவை மருத்துவர்கள் கூடி ஏ.ஓ. என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மாரிஸ் முல்லர் அதில் முக்கியமான ஆள். முறிந்த முனைகளை இறுக்கிச் சேர்த்துப் பூட்ட வேண்டும், மூட்டை உடனே அசைக்க வேண்டும் என்றார்கள். பெல்ஜியத்தின் ராபர்ட் டானிஸ் ஏற்கெனவே காட்டிய வழி அது.

அவர்களின் பெரிய சாதனை ஸ்க்ரூ அல்ல, நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு நோயாளியின் எக்ஸ்-ரேயையும் சேர்த்துவைத்து, பிறகு என்ன ஆனார் என்று பின்தொடர்ந்து, தோற்றதையும் சேர்த்து எழுதினார்கள். பீல் கடிகாரம் செய்கிற ஊர். அங்கே போய்த் தோராயக் கணக்குச் சொல்ல முடியுமா?

லாரி உரிமையாளர், நாமக்கல்: சக்கரம் ஏறி நசுங்கிய காலை வெட்டுவதா, காப்பாற்றுவதா என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு உலகம் மதிக்கும் பதிலொன்று கோயம்புத்தூரில் பிறந்தது. கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன், எஸ். ராஜா சபாபதி குழுவினர் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி 2006இல் வெளியிட்டார்கள். தோலுக்கு ஒன்று முதல் ஐந்து, எலும்புக்கு அதேபோல், தசை, நரம்பு பகுதிக்கு அதேபோல். சர்க்கரை நோய், தாமதமாக வந்தது போன்ற ஒவ்வொரு பாதகத்துக்கும் தலா இரண்டு. கூட்டுத்தொகை 14 வரை என்றால் காலைக் காப்பாற்றப் பாடுபடலாம். 17ஐத் தொட்டால் எடுப்பதே நல்லது.

15, 16 வந்தால்? அங்கே கணக்கு வாயை மூடிக்கொள்ளும். டாக்டரின் அனுபவம் பேச வேண்டும். அடிபட்டவர் என்ன தொழில் செய்கிறார், பல மாதச் சிகிச்சையை அந்த வீடு தாங்குமா என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். அதுவரை மேற்கத்திய அளவுகோலையே பிடித்துக்கொண்டிருந்தோம். நம்ம ஊர் ரோட்டில் நசுங்கிய காலுக்கு நம்ம ஊர் டாக்டர்களே அளவெடுத்தது எனக்குப் பெருமை. சத்தமாகவே சொல்கிறேன்.

விவசாயி, திருவண்ணாமலை: புத்தூர் கட்டுப் போட்டு எத்தனையோ பேருக்குச் சரியாகியிருக்கிறது. அதைப் பற்றி வாய் திறக்க மாட்டீர்களே?

திறக்கிறேன். ஆந்திரத்துப் புத்தூரில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிறார்கள். தொட்டே முறிவைக் கண்டுபிடிக்கும் கைப்பழக்கம் அந்தக் குடும்பங்களில் உண்டு. தோல் கிழியாத, விலகாத, சாதாரண முறிவு மூங்கில் பத்தைக் கட்டிலும் கூடும். மேலே சொன்னேனே, கூட்டுவது ரத்தம்.

மூட்டுக்குள் போன முறிவு, தோல் கிழிந்த முறிவு, குழந்தையின் முழங்கை முறிவு, சர்க்கரைக்காரரின் கால்: இந்த நான்கையும் எந்த நாட்டு வைத்தியரிடமும் கொண்டுபோகாதீர்கள். கட்டு இறுகினால் உள்ளே வீங்கிய தசைக்கு ரத்தம் நின்றுபோகும். கை நிரந்தரமாகச் சுருங்கிப் பறவைக் காலாய் மடங்கிவிடும். ஜெர்மானியர் வோல்க்மன் இதை 1881இலேயே எழுதிவிட்டார்.

எங்கே கட்டினாலும் சரி, அன்று ராத்திரி விரலைப் பாருங்கள். நீலமாகிறதா, மரத்துப்போகிறதா, விரலை நிமிர்த்தினால் உயிர் போகிறதா? விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டை அறுக்க ஐந்து நிமிஷம் போதும். அறுக்காமல் விட்டால் கையையே அறுக்க நேரும்.

இல்லத்தரசி, தாம்பரம்: ஆஸ்பத்திரி மாவுக்கட்டு என்றால் அந்தப் பயம் இல்லையே?

அங்கேயும் உண்டு, அம்மா. 1981இல் திருச்சிப் பக்கம் நடந்த பஸ் விபத்தில் பதின்வயது நடனக் கலைஞர் சுதா சந்திரனுக்குக் காலில் முறிவும் சின்னக் காயமும். காயத்தைக் கவனிக்காமல் கட்டுப் போட்டதில் கால் அழுகி, எடுக்க வேண்டியதாயிற்று. ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு அவர் திரும்ப மேடையேறியதை எல்லோரும் சொல்கிறோம். கட்டுக்குள் மறைந்த காயத்தை யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள்: "டாக்டர், உள்ளே ஒரு புண் இருக்கு."

பரோட்டா மாஸ்டர், விருதுநகர்: மாவுக்கட்டில் என்ன மாவு?

ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்த மாவு. தண்ணீர் பட்டதும் லேசாகச் சுட்டு, நிமிடங்களில் கல்லாகும். அதைத் துணியில் தூவிக் கட்டலாம் என்று 1850களின் தொடக்கத்தில் வழி காட்டியவர் டச்சு ராணுவ டாக்டர் மத்தைசன். உங்கள் கல்லில் போட்டுவிடாதீர்கள், திருப்ப முடியாது.

சட்டக் கல்லூரி மாணவர், மதுரை: விசாரணைக்குப் போகிறவர்கள் எல்லாம் கழிவறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வருகிறார்களே, எலும்பு ஏதாவது சாட்சி சொல்லுமா?

சொல்லும், தம்பி. வழுக்கி விழுகிறவன் உள்ளங்கையை ஊன்றுவான். மணிக்கட்டு முறியும். கிழவர் என்றால் இடுப்பு முறியும். முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் முறிந்திருந்தால், தலைக்கு வந்த அடியைக் கையைத் தூக்கித் தடுத்தவன் என்று சந்தேகிக்க வேண்டும். ஆங்கில மருத்துவ நூல்களில் இதற்குப் போலீஸ் தடியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வக்கீலானதும் முதலில் எக்ஸ்-ரேயைக் கேட்டு வாங்கு.

மருமகள், மன்னார்குடி: அத்தைக்கு 82 வயது. விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. இந்த வயதில் ஆபரேஷன் தாங்குவார்களா என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள்.

ஆபரேஷனைத் தாங்குவாரா என்று கேட்கும் சொந்தங்களிடம், படுக்கையைத் தாங்குவாரா என்று கேளுங்கள். உடம்பு ஒத்துழைத்தால் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பதே உலகெங்கும் நெறி. தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் நெஞ்சுச் சளிக்கும் படுக்கைப் புண்ணுக்கும் நாம் கொடுக்கும் அவகாசம்.

தொடை எலும்பின் கழுத்தில் முறிந்தால் பந்துக்குப் போகும் ரத்தம் அறுந்துவிடும். அந்த வயதில் கூடுவது சந்தேகம், ஆகவே பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து. கழுத்துக்குக் கீழே முறிந்தால் ரத்தத்துக்குப் பஞ்சமில்லை, ராடும் ஸ்க்ரூவும் போதும். இரண்டிலும் நோக்கம் ஒன்றே: அத்தை மறுநாள் எழுந்து உட்கார்ந்து உங்கள் காப்பியில் குறை சொல்ல வேண்டும்.

பிளஸ் டூ மாணவன், தென்காசி: எக்ஸ்-ரே இல்லாத காலத்தில் முறிவை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கையால். டப்ளினில் ஆபிரகாம் காலிஸ் 1814இல் மணிக்கட்டு முறிவை விவரித்தார். ரான்ட்ஜென் எக்ஸ்-ரேயைக் கண்டது 1895இல். எண்பது வருஷம் கழித்துப் படமெடுத்துப் பார்த்தால், அவர் விரலால் பார்த்தது பெரும்பாலும் அப்படியே இருந்தது.

ஆட்டோ ஓட்டுநர், சேலம்: விபத்தில் எலும்பு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் உள்ளே தள்ளலாமா?

தொடவே கூடாது. மண், மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்காமல், சுத்தமான துணியால் மூடி, கால் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே பலகை வைத்துக் கட்டி, 108ஐக் கூப்பிடுங்கள். கிருமிக்கொல்லி ஊசி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. ஒரு மணி நேரத்துக்குள் என்றால் உத்தமம்.

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட காலை வெட்டுவதுதான் சிகிச்சை. 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறிய 11 வயதுப் பையனின் காலில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியை வைத்தார். சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. இன்று எலும்பைத் திறந்து ஸ்க்ரூ போடுகிற ஒவ்வொரு டாக்டரும் அந்தப் பையனின் காலில்தான் நிற்கிறார்.

அதே ஆட்டோ ஓட்டுநர்: கூப்பிடுவேன். பணம் யார் கட்டுவது?

2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம். தனியாரும் அதில் உண்டு. தொடங்கியபோதே ஒரு லட்சம் ரூபாய் வரை. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. இதை ஆட்டோ முதுகில் எழுதி ஒட்டுங்கள், அண்ணே. சினிமா வசனத்தைவிட உபயோகம்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்: சுஸ்ருதரே இதையெல்லாம் சொல்லிவிட்டாரே?

எலும்பு முறிவில் 12 வகை, மூட்டு விலகலில் ஆறு வகை, மரப்பட்டைக் கட்டு என்று அருமையாகவே சொன்னார். சொன்னது மேலே கட்டுவதற்கு. மாலை போட்டு நிறுத்துவதற்கு அல்ல.

பாட்டி, மயிலாப்பூர்: முட்டி மாற்று ஆபரேஷனை முதலில் செய்த புண்ணியவான் யார்?

1890இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளூக், தந்தத்தில் கீல் செய்து முட்டிக்குள் வைத்தார். எடுத்துக்கொண்டவை காசநோய் பிடித்த மூட்டுகள். நோய் திரும்பி வந்து கெடுத்தது. யோசனை நல்லது, காலம் முந்திவிட்டது.

நிலைத்து நின்றது இடுப்பில். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி. சின்ன உலோகப் பந்து, 22 மில்லிமீட்டர் சொச்சம். அதற்கு டெஃப்லான் கிண்ணம். நோயாளிகள் துள்ளி நடந்தார்கள். சில வருடங்களில் கிண்ணம் தேய்ந்து, தேய்ந்த துகள் எலும்பை அரித்தது. போட்ட மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தானே எடுத்தார். அந்தத் துகள் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க, தன் தொடையிலேயே அதைச் செலுத்திக்கொண்டார்.

பிறகு ஒரு விற்பனையாளர் நெசவாலைப் பல்சக்கரத்துக்கான பிளாஸ்டிக் துண்டொன்றைக் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து, ஆகாது என்று போய்விட்டார். அவருடைய பட்டறை உதவியாளர் ஹாரி கிரேவன் விடவில்லை. தேய்மான இயந்திரத்தில் மாட்டி வாரக்கணக்கில் ஓடவிட்டார். தேய்ந்தது மிகக் கொஞ்சமே. 1962 நவம்பரில் அதே பாலிஎத்திலீன் கிண்ணம் மனித இடுப்புக்குள் போனது. இன்றைய முட்டி மாற்றிலும் உலோகத்துக்கு எதிரே இருப்பது அந்த வம்சம்தான். சார்ன்லிக்கு சர் பட்டம் வந்தது. கிரேவனுக்கு நாம் ஒரு வணக்கமாவது வைப்போம், பாட்டி.

கொத்தனார், அரியலூர்: மூட்டில் சிமெண்ட் வைக்கிறார்களாமே, எங்க ஊர்ச் சிமெண்டா?

அது அக்ரிலிக் குடும்பம், பல் டாக்டர்களிடமிருந்து வந்தது. ஆனால் குணம் உங்களுக்குப் புரியும்: டைல்ஸ் சந்தில் நீங்கள் அடைக்கும் பூச்சு எப்படி இடைவெளியை நிரப்பிப் பிடிக்கிறதோ, அப்படித்தான் இதுவும் பிடிக்கிறது. குழைத்த சில நிமிடங்களில் இறுகிவிடும். உங்களைப் போல் நடுவில் டீ குடிக்கப் போக முடியாது.

ஓய்வுபெற்ற தாசில்தார், கரூர்: மாற்றிய முட்டி எத்தனை வருஷம் உழைக்கும்?

2019இல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வின்படி, நூறில் 82 முழு முட்டி மாற்றுகள் 25 வருடம் தாண்டுகின்றன. 70 வயதில் போட்டுக்கொண்டால் முட்டி உங்களை வழியனுப்பிவைக்கும். 45இல் அவசரப்பட்டால் நீங்கள் முட்டியை வழியனுப்ப வேண்டிவரும்.

மளிகைக் கடைக்காரர், பொள்ளாச்சி: அந்த முட்டிக்கு விலை என்ன, வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்களே?

2017 ஆகஸ்டுக்கு முன்னால் அப்படித்தான். பரவலாகப் போடும் கோபால்ட் குரோமியம் முட்டியின் சராசரி விலை 1,58,324 ரூபாய். மத்திய விலை ஆணையம் அதை 54,720 ரூபாய் என்று கட்டிப்போட்டது, ஜி.எஸ்.டி. தனி. அதற்குமுன் அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் எந்த மூட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று யாரும் சொல்லவில்லை. பில்லில் உள்பொருளின் பெயரும் விலையும் தனித்தனியாக வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் கடையில் பருப்புக்குக் கேட்கிறார்களே, அதே உரிமை.

கல்யாணத் தரகர், காரைக்குடி: முட்டி மாற்றியபின் சம்மணம் போட்டு உட்காரலாமா?

வேண்டாம். உங்கள் வயதுக்கு இலையை மேஜைக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். வாஜ்பாய் பிரதமராக இருந்தபோதே 2000இல் ஒரு முட்டியும் 2001இல் மறு முட்டியும் மாற்றிக்கொண்டார். நாட்டையே நாற்காலியில் இருந்து ஆளலாம் என்றால் பந்தி சாப்பிட முடியாதா?

கபடி வீரர், ஒட்டன்சத்திரம்: முட்டிக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டது. எலும்பே தானாகக் கூடும்போது ஜவ்வு ஏன் கூடாது?

மாப்ளே, சரியான இடத்தில் பிடித்தாய். எலும்பு முறிந்தால் ரத்தம் அங்கேயே கட்டி நிற்கும். முன் சிலுவை ஜவ்வு இருப்பது மூட்டு நீருக்கு நடுவில். கிழிந்த முனைகளுக்கிடையே ரத்தக்கட்டி தங்குவதற்கு முன் நீர் அதைக் கரைத்துவிடும். பிடிமானமில்லாமல் முனைகள் சுருங்கும்.

அதனால் புது ஜவ்வு. உன் தொடையின் பின்பக்கத் தசைநாரையோ, முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள நாரில் நடுத்துண்டையோ எடுத்து, இரண்டு எலும்பிலும் துளை போட்டு உள்ளே இழுத்துப் பூட்டுவார்கள். கவனி, இங்கேதான் பையன்கள் கோட்டை விடுகிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் வலி போய்விடும், ஆனால் அந்த நேரத்தில்தான் ஒட்டுப்போட்ட நார் மிகவும் பலவீனமாக இருக்கும். மைதானத்துக்கு ஒன்பது மாதம். ரிஷப் பந்த் 2022 டிசம்பர் விபத்துக்குப் பிறகு 2024 மார்ச்சில்தான் ஆடுகளம் வந்தார். அவருக்கு இல்லாத அவசரம் உன் ஊர்த் திருவிழாக் கோப்பைக்கு இருக்கிறதா?

அவருடைய கோச்: முட்டியைத் திறக்காமலேயே செய்கிறார்களாமே?

சாவித் துவாரம் அளவுக்கு இரண்டு மூன்று துளை. ஒன்றில் 4 மில்லிமீட்டர் கேமரா, மற்றதில் கருவி. 1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பை பார்க்கும் குழாயை ஒரு பிணத்தின் முட்டிக்குள் விட்டுப் பார்த்தார். அவர் சீடர் மசாகி வதனபே 1962இல் அந்த வழியே கிழிந்த குருத்தெலும்பைக் கத்தரித்து எடுத்தார். சிறுநீர்ப்பை டாக்டரின் குழாய் எலும்பு டாக்டருக்குச் சோறு போடுகிறது.

ஐ.டி. இளைஞர், சோழிங்கநல்லூர்: உயரம் கூட்டும் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா மாமா? கல்யாணத்துக்குப் பார்க்கிறார்கள்.

முதலில் கதையைக் கேள். சைபீரியாவில் குர்கான் என்ற ஊர். 1950களில் கேவ்ரில் இலிசரோவ் என்ற டாக்டர், காலைச் சுற்றி உலோக வளையங்கள், எலும்பின் குறுக்கே மெல்லிய கம்பிகள், நட்டைத் திருகினால் நகரும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார். எலும்பை வெட்டி, சில நாள் பொறுத்து, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதையும் கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை பிரித்துக்கொண்டே போனால் இடைவெளியில் புது எலும்பு முளைக்கிறது. ரத்தக்குழாய், நரம்பு, தோல் எல்லாம் கூடவே நீள்கின்றன.

மாஸ்கோக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டலில் தங்கம் வென்ற வலேரி புருமெல், மறு வருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல ஆபரேஷன்கள் தோற்றபின் குர்கான் போய், கூடிய காலோடு வந்து, இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார். அப்புறம் எல்லோருக்கும் குர்கானுக்கு வழி தெரிந்தது.

குட்டைக் காலோடு பிறந்த குழந்தைக்கும் நொறுங்கிய காலுக்கும் இது உயிர்வரம். உனக்கு? நல்ல இரண்டு காலை வெட்டி, மாதக்கணக்கில் கம்பியோடு படுத்து, சீழுக்கும் நரம்புக் கோளாறுக்கும் பயந்து, ஐந்தாறு சென்டிமீட்டர். உயரத்தை அளக்கிற பெண் வீட்டை விட்டுவிடு. அடுத்த ஜாதகம் பார்.

ஃபாரின் மாப்பிள்ளை, துபாய்: தொடையில் ராடு இருக்கிறது. ஏர்போர்ட்டில் அலறுமா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

சில கதவு அலறும், சில கதவு சும்மா இருக்கும். அலறினால் தழும்பைக் காட்டுங்கள். டைட்டானியத்தையோ எலும்புக்குப் போடும் எஃகையோ எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் உள்ளே போகும் முன் சொல்லிவிட்டுப் போங்கள்.

பள்ளி ஆசிரியை, கடலூர்: எலும்பு கூடிவிட்டது. பிளேட்டை எடுக்க வேண்டுமா?

வலி, சீழ், தோலில் இடிக்கும் ஸ்க்ரூ, வளரும் குழந்தை: இதில் ஒன்று இருந்தால் எடுக்கலாம். 'உள்ளே இரும்பு இருக்கே' என்ற உறுத்தலுக்காக மட்டும் இன்னொரு மயக்க மருந்து வேண்டாம்.

நடுத்தர வயதுக்காரர், திண்டுக்கல்: ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு சீக்கிரம் கூடும்தானே?

ருசிக்குக் குடியுங்கள். எலும்புக்கு வேண்டியது முட்டை, பருப்பு, மீன், பால், கொஞ்சம் வெயில். சூப்புக்குப் பின்னால் ஒரு சிகரெட் பற்றவைக்கிற ஆள் என்றால், பத்து ஆட்டின் காலும் உதவாது. நிகோட்டின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. புகைப்பவரின் எலும்பு தாமதமாகக் கூடும், சில சமயம் கூடவே கூடாது. பாக்கெட் மேல் புற்றுநோய்ப் படம்தான் போட்டிருக்கிறார்கள். இதற்கும் ஒரு படம் போடலாம்.

ஜிம் பயிற்சியாளர், பாளையங்கோட்டை: தோள்பட்டை விலகினால் சினிமா ஹீரோ சுவரில் மோதிச் சரிசெய்கிறாரே?

ஹீரோவுக்கு ரீடேக் உண்டு. உங்களுக்கு நரம்பு ஒன்றுதான். முதலில் எக்ஸ்-ரே. முறிவு இல்லையென்று தெரிந்தபின் மருந்து கொடுத்துத் தசையைத் தளர்த்தி, மெதுவாக. இளம் வயதில் அடிக்கடி விலகினால், கிண்ணத்தின் ஓரத்தில் கிழிந்த உதட்டைத் திரும்பத் தைக்க வேண்டும். பேங்கார்ட் 1923இலேயே வழி சொல்லிவிட்டார்.

குடும்ப வாட்ஸ்அப் குழு அட்மின், சிவகாசி: 'நாகரிகத்தின் முதல் அடையாளம் கூடிய தொடை எலும்பு' என்று மானுடவியலாளர் மார்கரெட் மீட் சொன்னாராமே?

அவர் எழுத்தில் அப்படி ஒன்றை யாரும் காட்டியதில்லை. மீட் உரையில் கேட்டதாகப் புத்தகத்தில் எழுதியவர் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். கதை அழகு. ஆனால் காட்டில் வாழ்ந்த கிப்பன் குரங்குகளின் எலும்புக்கூட்டிலும் முறிந்து கூடிய எலும்புகள் நிறைய உண்டு. ஃபார்வர்ட் செய்யுமுன் குரங்கையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மருத்துவ மாணவி, தூத்துக்குடி: எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பெண்ணுக்குப் பலம் போதாது என்கிறார்கள். வேறு பிரிவு எடுக்கட்டுமா?

1954 கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அதே வேலூரில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, தன்னைப் போல் முடங்கியவர்களுக்காக 1966இல் அங்கேயே நிலையம் கண்டார். பலம் ட்ரில்லுக்குள் இருக்கிறது, மகளே. நீ விண்ணப்பத்தை நிரப்பு.

மூன்றாம் வகுப்பு, அருப்புக்கோட்டை: தாத்தா, என் மாவுக்கட்டு மேலே படம் வரையலாமா?

வரையலாம். ஸ்கெட்ச் பேனாவில் வரை. உள்ளே அரித்தால் ஸ்கேலை விட்டுச் சொறியாதே. புண்ணானால் வெளியே தெரியாது. அம்மாவிடம் சொல்லு. படத்தை இன்றைக்கே ஆரம்பி. உன் எலும்பு உங்கப்பா எலும்பைவிட வேகமாகக் கூடும், வண்ணம் தீட்டி முடிப்பதற்குள் கட்டைப் பிரித்துவிடுவார்கள்.